பதினெட்டு இரவுகளும் ஒரு பீரியடும்

சித்தூர் பக்கத்துக் கிராமங்களில் கோடை வந்தால் பாரதம் வரும். புத்தூர், நகரி, பலமநேர், குப்பம் என்று எந்தத் திசையில் போனாலும் திரௌபதியம்மன் குடிகொண்ட ஒரு தர்மராஜா கோயில் இருக்கும். அறுவடை ஓய்ந்து ஊர் கொஞ்சம் மூச்சு விடும் சமயம் பார்த்து அங்கே கொடி ஏறும். பிற்பகலில் ஹரிகதை, இரவில் நாடகம், பெரும்பாலும் பதினெட்டு நாள். பகாசுரனுக்குச் சோறு ஏற்றிய வண்டி தெருத்தெருவாகப் போகும். அர்ச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரச்சேலையோடு கீழே காத்திருப்பார்கள். கடைசியில், வெட்டவெளியில் மண்ணால் செய்த ஒரு பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான்.

தமிழ் பேசும் ஊரில் அது கூத்து, தெலுங்கு பேசும் ஊரில் வீதி நாடகம். இரண்டும் கலந்த ஊர்களும் உண்டு. இந்த மாவட்டத்தின் பிறப்பு அப்படி. 1911இல் பழைய வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுக்காக்களைப் பிய்த்தெடுத்து உண்டாக்கியது. 1953இல் ஆந்திரத்தோடு போனது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பி வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடு எத்தனை முறை மாறினாலும் திரௌபதிக்குப் பாரதம் போடும் வழக்கம் கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது.

இந்த வட்டாரத்துப் பையன்கள் நடிக்கவும் பாடவும் கற்றது அந்த மேடையில்தான். அதைப் பள்ளி என்று யாரும் சொன்னதில்லை. கூத்துக் குழுவான ஜமாவில் சேரும் பையனுக்கு முதல் வேலை பெட்டி தூக்குவது, அரிதாரம் குழைப்பது, வேடம் வரும்போது திரை பிடிப்பது. திரைக்குப் பக்கத்தில் நின்று நின்று பின்பாட்டில் குரல் சேர்க்கத் தொடங்குவான். முகவீணையின் சுருதி உச்சியில் நிற்கும். அதற்கு ஈடாகக் குரல் எழும்ப வேண்டும், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக் கிழவிக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். பாட்டெல்லாம் காதால் ஏறியதுதான். குரல் உடையும் வரை பெண் வேடமோ சின்ன வேடமோ கிடைக்கும். உடைந்த குரல் எந்தப் பக்கம் தேறுகிறது என்று பார்த்துவிட்டு வாத்தியார் அவனுக்கு வீமனா, கிருஷ்ணனா, கட்டியங்காரனா என்று முடிவு செய்வார்.

அரசவைக் கோமாளியான கட்டியங்காரன் வேடத்துக்கு எழுதி வைத்த வசனம் கிடையாது. அன்று அந்த ஊரில் நடந்ததை மாலைக்குள் விசாரித்து வைத்துக்கொண்டு, இரவு அரசவைக்குள் அதை நுழைக்க வேண்டும். ஊர்ப் பெரியவரைக் கிண்டல் செய்ய வேண்டும், ஆனால் அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடக் கூடாது. இப்போது பயிற்சிப் பட்டறைகளில் ஆளுமைத் திறன், படைப்பாற்றல் என்று தலைப்பிட்டுச் சொல்லித் தருகிறார்களே, அதையெல்லாம் இருபது வயதுக்குள் ஒருவன் கோடைக்குக் கோடை ஊர் ஊராகச் செய்து பழகியிருப்பான். பார்க்க உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கதை முழுக்கத் தெரியும். கர்ணன் சாகப் போகிறான் என்று தெரிந்தே விடியவிடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை அழ வைப்பது சாதாரண வித்தையா?

இதைப் பொற்காலம் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயிற்சிக்கு அவன் கொடுத்த விலை பெரும்பாலும் பள்ளிக்கூடம். இரவெல்லாம் ஆடிவிட்டு வருகிறவன் காலையில் எப்படி வகுப்பில் உட்காருவான்? எந்தச் சாதிக்காரர் எந்த வாத்தியம் தொடலாம், யார் எந்தத் தெருவில் ஆடலாம் என்பதெல்லாம் அவன் பிறக்கும் முன்பே முடிவாகியிருந்தது. வீட்டுக்கு முன்பணம் வாங்கியிருந்தால் அது அடையும் வரை ஜமாவை விட்டு அசைய முடியாது. பெண் பிள்ளைகளுக்கோ இடமே இல்லை. திரௌபதியின் விழாவில் திரௌபதியாக ஆடியது ஆண்தான்.

நகரத்தில் வேறொரு பாதை இருந்தது. சித்தூரில் முதலில் ஆரிய கான சபை என்றும் பிறகு ராம விலாச சபை என்றும் பெயர் பெற்ற நாடகக் குழு ஒன்று இருந்தது. சாரங்கதரா, பக்த ராமதாஸ் போன்ற நாடகங்களில் ஆடிப் பாடிய இளைஞர் ஒருவரை ஊரே கொண்டாடியது. 1904இல் குண்டூர் மாவட்டத்து ரேபல்லையில் பிறந்தாலும் அவர் பெயரோடு சித்தூர் ஒட்டிக்கொண்டது. சித்தூர் வி. நாகையா 1938இல் கிருஹலட்சுமி வழியாகத் திரைக்குப் போனார். போதனாவாக, தியாகய்யாவாக, வேமனாவாகத் தெலுங்கர் மனதிலும், எம்.எஸ். சுப்புலட்சுமியின் மீராவுக்கு ராணாவாகத் தமிழர் மனதிலும் நின்றார். 1965இல் பத்மஸ்ரீ. அவருடைய அந்த நிதானமான குரல் ஸ்டூடியோவில் பிறந்ததில்லை, ஒரு மாவட்டத் தலைநகரின் அமெச்சூர் சபையில் பண்பட்டது. தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகள் பையன்களைக் கம்பெனி வீட்டிலேயே வைத்துப் பிரம்பும் பாட்டுமாய் வளர்த்தன. சித்தூர் சபையில் அந்தக் கெடுபிடி இல்லை. பகலில் படிப்பும் வேலையும் உள்ளவர்கள் மாலையில் கூடும் இடம் அது.

இசைக்குக் குருகுலம். புங்கனூர்க் குடும்பத்தில் ஹரிகதைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த சுப்பிரமணியம், காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் சேர்ந்து சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையாகி, 1954இல் சங்கீத கலாநிதி ஆனார். மதுரை சோமு அவரிடம் பயின்றவர். மதனப்பள்ளி அப்போது இதே மாவட்டம். அங்கே பெசன்ட் தியசாபிகல் கல்லூரியில் ஐரிஷ் நாடக மறுமலர்ச்சியில் பங்குகொண்ட ஜேம்ஸ் கசின்ஸ் இருந்தார். 1919இல் அங்கே வந்து தங்கிய தாகூர் ஜன கண மனவைப் பாடிக் காட்டினார், அங்கேயே ஆங்கிலத்திலும் ஆக்கினார். கசின்ஸின் மனைவி மார்கரெட் அதன் மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதினார். ஒரு கல்லூரி வளாகத்தில் கலைக்கு இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது போதும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய நாடகம் திருப்பதி நகரத்துக்குள்ளேயே நடக்கிறது. மலைமேல் வேங்கடவனைப் பார்க்கப் போகும் தமிழர்களில் பலர் கீழே தாத்தய்யகுண்டா கங்கம்மாவைக் கண்டதில்லை. அவள் வேங்கடவனுக்குத் தங்கை என்று ஊர் சொல்லும். கதை இதுதான்: இளம் பெண்களைச் சீரழித்து வந்த ஒரு பாளையக்காரன், கங்கம்மாவின் உக்கிர உருவம் கண்டு ஓடி ஒளிகிறான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு மாறுவேடம் பூணுகிறாள். துரையாக வேடம் தரித்து வந்த நாளில் அவன் வெளியே வந்து மாட்டிக்கொள்கிறான். சித்திரைக் கடைசியில் நடக்கும் ஒரு வார ஜாத்திரை முழுக்க இந்தத் தேடல்தான். அம்மனின் வேடங்களை முறைப்படி ஏற்பவர்கள் கைக்கால குடும்பத்து ஆண்கள்.

ஆனால் வேடம் அவர்களோடு நிற்பதில்லை. பைராகி வேடத்தன்று உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசிக்கொண்டு பையன்கள் தெருவில் இறங்குவார்கள். பண்ட வேடத்தன்று குங்குமச் சிவப்பு, தோட்டி வேடத்தன்று கரியும் வேப்பிலையும். பண்ட வேடத்தில் யாரை வேண்டுமானாலும் வையலாம், அன்று கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. கூச்சமுள்ள பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு, முகம் தெரியாதபடி சிவப்பு அப்பிக்கொண்டு கடைத்தெருவில் நின்று வாய்க்கு வந்ததைக் கத்த ஆண்டுக்கு ஒரு நாள் கிடைப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். பிறகு பெண் வேடம். நேர்த்திக்கடனுக்காக மீசைக்காரர்களும் மாணவர்களும் வேன் ஓட்டுபவர்களும் சேலை கட்டிப் பூ வைத்துக் கோயிலுக்கு வருவார்கள். கட்டி விடுவது அம்மா, அக்கா, மனைவி. ஒரு பெண்ணாகத் தெருவில் நடந்தால் பார்வைகள் எப்படி விழும் என்பதை ஒரு மாலைப் பொழுதாவது உடம்பால் அறிகிறார்கள். நாடகப் பள்ளிகளில் இதற்கென்று பாடம் வைத்திருக்கிறார்கள்.

2024 டிசம்பரில் வந்த புஷ்பா இரண்டாம் பாகத்தில் அல்லு அர்ஜுன் நீலம் பூசிச் சேலை கட்டி ஆடியதும், இந்த ஊர் வழக்கம் நாடெங்கும் பேச்சானது. இன்று ஜாத்திரைத் தெருவில் வேடத்துக்கு எதிரே செல்போன்கள் நிற்கின்றன. வேடம் போட்டவனும் கேமராவைப் பார்த்துத் திரும்புகிறான். முன்பு முகத்தை மறைக்கப் பூசிய வண்ணத்தை இப்போது முகத்தைக் காட்டப் பூசுகிறார்கள் என்று தோன்றுகிறது. கெட்டுப்போயிற்று என்று சொல்ல மாட்டேன். வைவதற்கு மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள், ரெக்கார்டு ஆகிறது அல்லவா.

கலை கற்கும் பாதை உண்மையில் திரும்பியது 1950களின் கடைசியில். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1959இல் திருப்பதியில் இசை, நாட்டியக் கல்லூரியைத் தொடங்கியது. வாய்ப்பாட்டு, வீணை, நாகஸ்வரம், பரதம், குச்சிப்புடி, ஹரிகதை எல்லாம் பாடத்திட்டமாயின. யார் மகன் என்று கேட்காமல் விண்ணப்பத்தைக் கேட்டார்கள். பெண் பிள்ளைகள் வாசலுக்குள் வந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் காளஹஸ்தியில் கலம்காரிக்கு அரசுப் பயிற்சி மையம் வந்தது. கைவினைகளை மீட்க உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றவர்கள் தூண்டாமல் இருந்திருந்தால், கடுக்காயிலும் பாலிலும் துணியை ஊறவைத்து, மூங்கில் குச்சியில் இரும்பும் வெல்லமும் புளித்த கறுப்பைத் தொட்டு ராமாயணம் எழுதும் கைகள் அந்தத் தலைமுறையோடு நின்றிருக்கும். இன்று காளஹஸ்தியில் அந்தக் குச்சியைப் பிடித்திருப்பவர்களில் பெண்கள் நிறைய. மூத்த கலைஞர் குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டு முயற்சிகளில் காளஹஸ்திதான் நன்றாகப் பலித்தது என்பது என் எண்ணம். கற்றதை மறுநாளே விற்க முடிந்தது அங்கே.

கூத்தைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட முடியுமா என்று உண்மையாகவே சோதித்துப் பார்த்தவர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். பெருங்கட்டூர் ராஜகோபால் பத்து வயதில் தந்தையின் ஜமாவில் ஆட வந்தவர், பள்ளியைப் பாதியில் விட்டவர். 1990இல் கலைஞர்களைச் சேர்த்துக் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. 2002இல் அவரும் அவருடைய மனைவியும் ஆய்வாளருமான ஹன்னே டி ப்ரூயினும் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிக் கணக்கும் அறிவியலும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். பெண் பிள்ளைகள் கட்டை என்னும் மர அணிகளைக் கட்டிக் கர்ணனாக, துரியோதனனாக ஆடினார்கள். கூத்துக்குப் போனால் படிப்பு போகும் என்ற பழைய கணக்கை அது முறித்துக் காட்டியது. 2020இல் குருகுலம் மூடப்பட்டது. சங்கம் இருக்கிறது, ஆட்டமும் தொடர்கிறது. ஆனாலும் பதினெட்டு ஆண்டுகள் நடந்த அப்படியொரு இடத்துக்கு ஈடாக வேறொன்று சித்தூர் பக்கமோ காஞ்சிப் பக்கமோ எழுந்ததாகத் தெரியவில்லை.

இன்றைய பள்ளிகளில் கலைக்கு ஒரு பீரியட் இருக்கிறது. 2020 கல்விக் கொள்கை, கலையோடு சேர்ந்த கற்றல் என்று சொல்கிறது. 2015 முதல் மத்திய அரசு நடத்தும் கலா உத்சவ் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்குப் பாட்டு, நடனம், நாடகம், ஓவியம் என்று போட்டி வைக்கிறது. நகரி அரசுப் பள்ளி மாணவியும் மாவட்டம் கடந்து மாநிலம், தேசிய அளவு என்று போகலாம். அவளுடைய பாட்டிக்கு நினைத்துப் பார்க்கவும் முடியாத கதவு இது. ஆனால் மேடைப் போட்டிக்கு உரியவை சில நிமிடங்கள்தான். அவற்றுக்குள் தொடங்கி, உச்சம் தொட்டு, முடித்து வணங்கிவிட வேண்டும். நடுவில் சொதப்பி, சமாளித்து, கூட்டத்தைத் திரும்பப் பிடிக்க நேரமில்லை. பதினோராம் வகுப்பு வந்தால் நுழைவுத் தேர்வுப் பயிற்சி அந்தப் பீரியடையும் விழுங்கிவிடும். திருப்பதி இப்போது கோச்சிங் நகரமும்கூட. விடுதி ஜன்னல்களில் விடிய விடிய விளக்கு எரிவதைப் பார்க்கலாம்.

நீண்ட நேரம் மேடையில் நிற்க இந்தத் தலைமுறைக்கு வழியே இல்லை என்றும் முடித்துவிட முடியாது. பாரத விழாக்களின் பிற்பகல் பந்தலில் சிப்ளா கட்டை தட்டிக்கொண்டு கதை சொல்ல நிற்பவர் இன்று பல ஊர்களில் ஒரு பெண். சான்றிதழோடு ஹரிகதை படித்து வந்த இளம் பாகவதாரிணிகளும் அவர்களில் உண்டு. கல்லூரியில் தேர்வுக்குச் சொன்ன கதை ஏதோ ஒரு பகுதிதான். இங்கே ஆதி பருவத்தில் தொடங்கிப் பதினெட்டாம் போர் வரை நாள்தோறும் மணிக்கணக்கில் சொல்ல வேண்டும். முன்வரிசையில் குழந்தை அழும், நடுவில் நன்கொடை அறிவிப்பு வரும், மின்சாரம் போய் மைக் அணைந்துவிடும். கதையை அவளை விட நன்றாக அறிந்த கிழவிகள் எதிரே வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாளுக்குள் அவர்களை நிமிரச் செய்துவிட்டாள் என்றால், அடுத்த கோடைக்குப் பக்கத்து ஊர்த் தர்மகர்த்தா வந்து தாம்பூலம் வைத்துவிட்டுப் போவார்.