ஆர் ரெட்டிகுலி – சென்னையில் கண்டறியப்பட்ட துடிக்கும் விண்மீன்

ஆர் ரெட்டிகுலி என்பது தென்வானில் உள்ள ஒரு மாறொளி விண்மீன். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, இதன் ஒளி மாறுவதை 1867ஆம் ஆண்டு கண்டறிந்தார். மாறொளி விண்மீனைக் கண்டறிந்த முதல் இந்தியராக அவர் அறியப்படுகிறார்.

இந்த விண்மீன் ஒருமுறை மங்கி மீண்டும் ஒளிர ஏறத்தாழ 280 நாட்கள் ஆகும். உச்சத்தில் இருக்கும்போது பைனாகுலரில் தெரியும். மங்கும்போது அதன் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் கீழே குறைந்துவிடும்.

இதற்குக் காரணம் முதுமை. மையத்திலுள்ள ஹைட்ரஜன் தீர்ந்ததும் விண்மீன் பெருத்துச் செம்பெருவிண்மீன் ஆகிறது. பின்னர் ஹீலியமும் எரிந்து, மையத்தில் கார்பனும் ஆக்சிஜனும் தங்குகின்றன. அப்போது வெளியடுக்குகள் நிலைகொள்ளாமல் விரிந்து சுருங்குகின்றன. விரிந்து குளிரும்போது அங்கு உருவாகும் டைட்டானியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பதால், விண்மீன் மேலும் மங்குகிறது. இவ்வகையினவற்றை மீரா விண்மீன்கள் என்பர்.

இறுதியில் வெளியடுக்குகள் விண்வெளியில் கலைந்துபோக, மையம் மட்டும் வெண்குறுமீனாக எஞ்சும். நம் சூரியனும் சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் இதே வழியில் செல்லத் தொடங்கும்.

கோயம்புத்தூரிலிருந்தும் இதைத் தேடலாம். ஜனவரி நடுவில் இரவு 9 மணியளவில் ரோகிணி உச்சிக்கு வரும். அப்போது நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 16 பாகை உயரத்தில் ஆர் ரெட்டிகுலி இருக்கும். அது உச்ச ஒளியில் உள்ள காலமா என்பதை முன்பே அறிந்துகொள்வது நல்லது.