காது அடைச்சா "ரெண்டு நாள் பார்ப்போம்"னு இருக்காதீங்க!

முதல்ல ஒரு சின்ன சோதனை. ஒரு காதை மட்டும் விரலால நல்லா மூடிக்கிட்டு, வாயைத் திறக்காம "ம்ம்ம்"னு ஹம் பண்ணுங்க. சத்தம் எந்தக் காதுல அதிகமா கேட்குது? மூடின காதுலதானே? இந்த விஷயம் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, என் ரூம்மேட்டுக்கு அந்தத் தப்பான யோசனையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

போன செமஸ்டர்ல ஒருநாள் காலையில எழுந்தப்போ அவனுக்கு இடது காது அடைச்ச மாதிரி இருந்தது. வலி இல்லை. ஆனா உள்ளே "ஙொய்ய்"னு ஒரே இரைச்சல். "அழுக்கா இருக்கும்டா"னு நான்தான் சொன்னேன். மெடிக்கல் ஷாப்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்தினோம். நடுவுல இன்டர்னல்ஸ் வேற. மூணு வாரம் கழிச்சுதான் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம்.

ஓ.பி. சீட்டு போட்டு, காது மூக்கு தொண்டைப் பிரிவுல வரிசையில உட்கார்ந்தோம். டாக்டர் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்தார். அழுக்கே இல்லை! அடுத்து அவர் எடுத்தது நம்ம பிசிக்ஸ் லேப்ல பார்த்த அதே இசைக்கவை. 512 ஹெர்ட்ஸ். அதைத் தட்டி, இவன் நெற்றி நடுவுல வச்சு, "எந்தப் பக்கம் கேட்குது?"னு கேட்டார். "வலது பக்கம் சார்." டாக்டர் முகம் மாறிடுச்சு.

ஏன்? சத்தம் உள்காதுக்குப் போக ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு காற்று வழி: செவிப்பறை, மூணு குட்டி எலும்புகள், அப்புறம் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கிற காக்லியா. இன்னொண்ணு எலும்பு வழி: மண்டை ஓடு அதிர்ந்து நேரா காக்லியாவுக்குப் போறது. அழுக்கு அடைச்சிருந்தா எலும்பு வழி சத்தம் வெளியே தப்பிக்க முடியாம, அடைச்ச காதுலதான் அதிகமா கேட்கும். நீங்க விரலால மூடினப்போ நடந்ததும் அதுதான். ஆனா காக்லியாவோ நரம்போ பழுதாகியிருந்தா சத்தம் நல்ல காதுக்குப் போயிடும். இதுக்குப் பேர் வெபர் சோதனை.

அடுத்து ஆடியோகிராம். சத்தம் வராத ஒரு அறையில ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸ்ல இருந்து 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பீப் சத்தம் கொடுப்பாங்க. கேட்டா பட்டனை அழுத்தணும். வர்ற கிராஃப் நம்ம பாஷையில சொன்னா காதோட ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ்.

அவனுக்கு வந்திருந்தது திடீர் நரம்புவழிக் கேள்வித்திறன் இழப்பு. அதாவது மூணு நாளைக்குள்ள, அடுத்தடுத்த மூணு ஃப்ரீக்வென்சியிலயாவது 30 டெசிபெல் அளவுக்குக் கேட்கும் திறன் இறங்கிடும். பெரும்பாலானவங்களுக்கு இது ஏன் வந்ததுன்னே தெரியறதில்லை. சிகிச்சை ஸ்டீராய்டு: மாத்திரையா கொடுப்பாங்க, இல்லைன்னா செவிப்பறை வழியா ஊசி. சிலருக்குத் தானாவே கொஞ்சம் சரியாகும். ஆனா முதல் ரெண்டு வாரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சாதான் பலன் அதிகம். காக்லியாவுல இருக்கிற முடி செல்கள் செத்துட்டா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது.

நாங்க போனது மூணாவது வாரம்.

அதனால நண்பர்களே, திடீர்னு ஒரு காது மந்தமானா பட்ஸ் விட்டுக் குடையாதீங்க. நீங்களா சொட்டு மருந்து ஊத்தாதீங்க. ஹம் பண்ணிப் பாருங்க. சத்தம் நல்ல காதுப் பக்கம் போச்சுன்னா அன்னிக்கே ஈ.என்.டி. டாக்டர்கிட்ட ஓடுங்க. அடைச்ச காதுல கேட்டாலும் "அழுக்குதான்"னு நீங்களே முடிவு பண்ணிடாம காட்டிடுங்க. தலைசுத்தலும் சேர்ந்து வந்தா இன்னும் அவசரம். இன்டர்னல்ஸை அப்புறம்கூட எழுதிக்கலாம்.

அவனுக்குக் கொஞ்சம்தான் திரும்பி வந்தது. இப்பல்லாம் மெஸ்ஸுக்குப் போறப்போ நான் அவனுக்கு வலது பக்கமாவே நடக்கிறேன்.