உப்புக் காற்று – 9: மிதிக்கும்போதா, உருளும்போதா?

சென்ற வாரம் பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்தோம். 1914-இல் திறந்த பழைய பாலம் கடைசி வரை துருவோடுதான் மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அதே காற்றில், தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையோரம் இரவெல்லாம் நிற்கிற சைக்கிளுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு டப்பா கிரீஸும், அதை எங்கே வைப்பது என்ற அறிவும்தான் அதற்குக் காப்பு. இந்த வாரம் அந்தச் சைக்கிள் போடும் சத்தத்தைப் பற்றி.

விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, கேரியரில் பெட்டி கட்டி, உச்சிப்புளி பக்கத்து ஊர்களுக்கு மிதிப்பவருக்குச் சைக்கிள்தான் கடை. பிளஸ் ஒன் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடத்தைக் கிட்டே கொண்டுவந்த வண்டி. தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர் எல்லோருக்கும் விரிந்தது. உள்மாவட்டத்தில் பல வருஷம் உழைக்கிற அதே சைக்கிள், இந்தக் கரையில் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ‘கிறுக்… கிறுக்’ என்று ஆரம்பித்துவிடுகிறது. பெரும்பாலோர் அதோடு வாழப் பழகிவிடுகிறார்கள். பழகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அது பழுது அனுப்புகிற முதல் தாக்கீது.

இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு உலோகப் பரப்புகள், பாரம் ஏறும்போது ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை வழுக்குகின்றன. ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும், விடும். வயலின் வில்லில் இசையாகிற அதே உராய்வுதான் இங்கே கிறீச்சிடுகிறது. அந்த மயிரிழை இடைவெளியை உண்டாக்கித் தருவது உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதத்தை ஒட்டிய ஈரமே போதும். அதனால் வடகடலில் வாடை அடித்தாலும் தென்கடலில் கச்சான் அடித்தாலும், சைக்கிளின் மேல் படிந்த உப்பு முழுசாகக் காய்வது அபூர்வம். குரோம் பூச்சின் நுண்துளைகள் வழியே அந்த உப்புநீர் உள்ளே இறங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பூச்சு பொரிந்து உதிரும், மூட்டு தளரும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகத் தகடுகளைக் காற்றில் நிறுத்தி அரிமானம் பார்க்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது காரணமில்லாமல் அல்ல.

சத்தம் கேட்டதும் நம் கை எண்ணெய்க் குப்பியைத் தேடும். கண்ட இடத்திலெல்லாம் சொட்டினால் இரண்டு நாள் சத்தம் நிற்கும், உண்மைதான். மூன்றாம் நாள் அந்த எண்ணெயில் மணல் ஒட்டி, அரைக்கும் பசையாகிவிடும். தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம். நாள்பட்டால் பிசினாக இறுகும். அதைவிடப் பெரிய நஷ்டம், எங்கிருந்து சத்தம் வந்தது என்ற தடயமும் அதோடு போய்விடுவது. முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் எண்ணெய்.

கண்டுபிடிக்கக் காதை மட்டும் நம்பக் கூடாது. ஃபிரேம் முழுக்க வெற்றுக் குழாய். கீழே பிறந்த சத்தம் சீட்டுக்கடியில் கேட்கும், ஹேண்டில்பாரில் பிறந்தது பெடலில் கேட்கும். அதனால்தான் அனுபவமுள்ள கடைக்காரர் சைக்கிளைத் தொடுவதற்கு முன்பே கேட்கிறார்: “மிதிக்கும்போதா தம்பி, சும்மா உருளும்போதா?” பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது.

தனுஷ்கோடி சாலையில் காற்று பின்னாலிருந்து தள்ளும்போது மிதிப்பதை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் அது சக்கரத்தில், மட்கார்டில், கேரியரில். நின்றுவிட்டால் பெடலிலிருந்து செயின் வரை எங்கோ. சீட்டைவிட்டு எழுந்து மிதிக்கும்போது மட்டும் அடங்கினால், சீட்டு ஸ்பிரிங்கோ சீட் பில்லரோதான். பாம்பன் சாலைப் பாலத்து ஏற்றத்தில் எதிர்காற்றோடு ஹேண்டில்பாரை இழுத்து மிதிக்கும்போது மட்டும் கிறீச்சிட்டால் ஸ்டெம்மைப் பார்க்க வேண்டும். பாரம் ஏறினால்தான் மூட்டு வாய்திறக்கும். கடையில் ஸ்டாண்டு போட்டுக் கையால் பெடலைச் சுற்றினால் எதுவும் கேட்காமல் போவது அதனால்தான்.

அடுத்தது தாளம். நம்மூர்க் கறுப்பு சைக்கிளில் பெடல் ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுழலும். செயின் முழுதாக ஒருமுறை சுற்றிவரப் பெடல் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு மிதிச்சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்றால் பெடல், கிராங்க், இரண்டு கிராங்கையும் இணைக்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) ஆக்சில். ஒரு மிதிச்சுற்றுக்குள் இரண்டு மூன்று முறை வந்தால் சக்கரம். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தால் செயினில் துருவேறி இறுகிய ஒரு கண்ணி. எண்ணிக்கொண்டே மிதித்தால் போதும், இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இந்தக் கரையில் முதல் குற்றவாளி பெரும்பாலும் காட்டர் பின். கிராங்கையும் ஆக்சிலையும் பூட்டி வைத்திருக்கும் சிறு ஆப்பு அது. ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், அந்தச் சரிவு ஆக்சிலின் வெட்டில் முழுக்கப் படிய வேண்டும். துரு அந்தப் படிவைத் தின்றதும் பின் அசையத் தொடங்கும். சோதிப்பது எளிது. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெடலையும் கிடைமட்டமாக வைத்து ஏறி நில்லுங்கள். இறங்கி, பெடலை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி ஏறி நில்லுங்கள். காலடியில் சின்னதாக ஒரு நழுவல் தட்டுப்பட்டால் அதுதான்.

மாற்றும்போது நடக்கும் அவசரம்தான் எனக்கு மனவருத்தம். பின்னைச் செருகி, நட்டை முறுக்கியே உள்ளே இழுக்கப் பார்க்கிறார்கள். நட்டுக்கு அந்த வேலை இல்லை. பின் வெளியே நழுவாமல் பிடித்திருப்பது மட்டுமே அதன் பொறுப்பு. கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக்கொடுத்து, சுத்தியலால் அடித்துத்தான் பின்னை இறக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் பி.பி. கப்புக்குள் இருக்கும் பால்ரஸ் குண்டுகளின்மேல் விழுந்து கப்பில் குழி விழும்; ஒரு சத்தத்தை நிறுத்தப் போய் இன்னொன்றை வாங்கிவருவோம். திசையும் முக்கியம். வலது கிராங்க் முன்னே நீளும்போது நட்டு மேலே இருந்தால், இடது கிராங்க் முன்னே வரும்போதும் நட்டு மேலேதான் இருக்க வேண்டும். மாறிப்போனால் இரண்டு பெடலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. புதுப் பின் போட்டுச் சில நாள் ஓட்டியதும் மறுபடி ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்குவது அவசியம். அதைப் பலர் கேட்டு வாங்குவதில்லை, நீங்கள் கேளுங்கள்.

காட்டர் சரியென்றால் பெடலின் மரை. கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி மறுபடி இறுக்கினாலே பல சைக்கிள்கள் அமைதியாகிவிடும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்புறம். குழப்பம் வேண்டாம்: எந்தப் பக்கமானாலும் ஸ்பானரின் பிடியை மேலே வைத்து முன்சக்கரம் நோக்கித் தள்ளினால் இறுகும்.

பி.பி.யை ஓவராயில் செய்யும்போது பழைய குண்டுகளையே திருப்பிப் போட விடாதீர்கள். பக்கத்துக்குப் பதினொன்று, கால் இஞ்ச் குண்டுகள். விலை ஒன்றும் பெரிதில்லை. கிரீஸை நிறைய வைக்கச் சொல்லுங்கள். இங்கே கிரீஸ் உருள்வதற்கு மட்டுமல்ல, உப்புநீருக்குக் கதவடைக்கவும்தான்.

சீட் பில்லரை வருஷத்துக்கு ஒருமுறையாவது உருவித் துடைத்து கிரீஸ் தடவ வேண்டும். கியர் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியப் பில்லர், நடுவே உப்புநீர் என்றால் அது மின்கலம். அலுமினியம் அரித்து உள்ளேயே பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் உராய்ந்தாலும் கிறீச்சிடும். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்திப் பாருங்கள், தளர்ந்தது கைக்கே தெரியும். துருவேறிய நிப்பிளை உடனே முறுக்கினால் கம்பி அறும். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள்.

மட்கார்டு, கேரியர், செயின் கவர் சத்தமெல்லாம் நட்டை இறுக்கினால் தீரும்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலையும் மாவட்டத்தில் சைக்கிளைக் குளிப்பாட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. அரை வாளி நல்ல தண்ணீர், ஒரு பழந்துணி போதும். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தால் சரி. உப்புக் கிணற்று நீரில் அலசுவது மட்டும் வேண்டாம். மீன் பெட்டி கட்டுகிறவர்கள் பெட்டிக்கடியில் தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்து, ஐஸ் தண்ணீர் பின் ஆக்சில்மேல் வடியாமல் பார்த்துக்கொண்டால் சக்கரம் கூடுதல் காலம் பேசாமல் உழைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் நிற்கவில்லையென்றால் ஃபிரேமையே பாருங்கள். பி.பி. குழாயோடு மற்றக் குழாய்கள் சேரும் இடம், பின் ஆக்சில் உட்காரும் இடம், முன்போர்க்கின் தலைப்பகுதி. துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட்டில் மயிர்க்கோடாக ஒரு துருக்கீற்று ஓடினால் அது விரிசல். முன்போர்க்கில் அப்படிக் கண்டால் பற்றவைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்; போர்க்கை மாற்றுங்கள். மாற்றும் வரை அந்தச் சைக்கிளில் பாரமும் ஏற்றக் கூடாது, பிள்ளையையும் ஏற்றக் கூடாது.

(தொடரும்)