விழுமியச் சார்பின்மை

விழுமியச் சார்பின்மை என்பது, சமூகத்தை ஆராயும் ஒருவர் தமது அரசியல், சமய, ஒழுக்கக் கருத்துக்கள் ஆய்வின் முடிவுகளைத் தீர்மானிக்க இடமளிக்கக் கூடாது எனக் கூறும் கோட்பாடு ஆகும். இது விழுமிய நடுநிலை எனவும் அழைக்கப்படுகின்றது. இது இயலுமா என்பது ஒரு கேள்வி. இயலுமெனில் அது விரும்பத்தக்கதா என்பது வேறொரு கேள்வி. சமூகவியல், பொருளியல், அரசறிவியல் ஆகிய துறைகளில் இவ்விரண்டும் நூறாண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகின்றன.

தோற்றம்

இக்கோட்பாடு பெரும்பாலும் ஜெர்மனியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபருடன் (1864–1920) தொடர்புபடுத்தப்படுகின்றது. 'இருப்பது எது' என்பதை அறிவதால் மட்டும் 'இருக்க வேண்டியது எது' என்பதை முடிவு செய்ய இயலாது என அவர் 1904 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். 1909 இல் வியன்னாவில் கூடிய சமூகக் கொள்கைக் கழகத்தில், 'உற்பத்தித்திறன்' என்ற பொருளியல் கருத்துரு விவாதிக்கப்பட்டது. அக்கருத்துருவினுள் மதிப்பீடுகள் மறைந்துள்ளன என்று வெபரும் வெர்னர் சோம்பார்ட்டும் எதிர்த்தனர். இச்சர்ச்சை 'விழுமியத் தீர்ப்புச் சர்ச்சை' என அறியப்படுகின்றது.

வெபரின் நிலைப்பாடு

ஆய்வாளருக்கு விழுமியங்களே இருக்கக் கூடாது என வெபர் கூறவில்லை. எதனை ஆராய்வது என்பதை விழுமியங்களே தீர்மானிக்கின்றன என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். தெரிவு செய்த பின்னர், தமக்கு ஒவ்வாத உண்மைகளையும் ஆய்வாளர் ஏற்க வேண்டும் என்பதே அவரது கருத்து.

1917 இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில் அவர் வகுப்பறையைச் சுட்டிக்காட்டினார். பொதுக்கூட்டத்தில் பேசுபவரை எவரும் மறுத்துப் பேசலாம். வகுப்பில் மாணவர்கள் அமைதியாக இருக்க வேண்டியவர்கள். எனவே பேராசிரியர் தமது அரசியலை அறிவியலின் பெயரால் அங்கே பரப்புவது முறையன்று என்றார். வெபர் தாமே அரசியலில் வெளிப்படையாக ஈடுபட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

எடுத்துக்காட்டு: வறுமைக் கோடு

இந்தியாவில் 2011–12 ஆம் ஆண்டுக்கான வறுமை இருவேறு முறைகளில் கணக்கிடப்பட்டது. டெண்டுல்கர் குழுவின் முறைப்படி, ஒருவரின் மாதச் செலவுக் கோடு ஊரகத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய், வறியோர் 21.9 விழுக்காடு. 2014 இல் அறிக்கை அளித்த ரங்கராஜன் குழு இக்கோட்டை முறையே 972, 1,407 ரூபாயாக வரையறுத்தது, வறியோர் 29.5 விழுக்காடு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 9 கோடி மக்கள் ஆகும்.

இரு குழுக்களும் தரவுகளைத் திரிக்கவில்லை. ஆனால் மனிதர் ஒருவருக்கு அடிப்படைத் தேவை எது, எவ்வளவு என்ற கேள்விக்குத் தரவுகள் மட்டும் விடை அளிப்பதில்லை. கோட்டை வரைவதில் மதிப்பீடு உள்ளது. வரைந்த கோட்டின் கீழ் உள்ளவர்களை எண்ணுவதில் அது நுழையக் கூடாது.

மாற்றுக் கருத்துக்கள்

* சுவீடன் பொருளியலாளர் குன்னார் மிர்தால், அமெரிக்கக் கறுப்பினத்தவர் நிலை பற்றி 1944 இல் வெளியிட்ட ஆய்வில், விழுமியங்களை மறைப்பதை விட வெளிப்படையாக அறிவிப்பதே நேர்மை என்றார்.
* கார்ல் பொப்பர், 1961 இல் டூபிங்கன் கருத்தரங்கில், அறிவியலின் புறவயத்தன்மை தனி ஆய்வாளரின் நடுநிலையில் இல்லை. ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் விமர்சிப்பதிலேயே உள்ளது என்றார்.
* ஆல்வின் கோல்ட்னர் 1962 இல், விழுமியமற்ற சமூகவியல் ஒரு தொன்மமே என்றார். பொறுப்பிலிருந்து நழுவுவதற்கு அது வழிவகுக்கக்கூடும் எனவும் எச்சரித்தார்.
* ஹோவர்ட் பெக்கர் 1967 இல், ஆய்வாளர் ஏதேனும் ஒரு தரப்பின் பார்வையிலிருந்து நோக்குவது தவிர்க்க இயலாதது என வாதிட்டார்.

இவர்கள் தம்முள் வேறுபட்டாலும், விரும்பிய முடிவுக்காகச் சான்றுகளை மாற்றலாம் என எவரும் கூறவில்லை. ஓர் ஆய்வைப் படிப்பவர், ஆய்வாளருக்குச் சார்பு உண்டா என்று கேட்பதுடன் நிறுத்தாமல், அது ஆய்வின் எந்தக் கட்டத்தில் நுழைந்துள்ளது என்றும் பார்த்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* மாக்ஸ் வெபர்
* புறவயத்தன்மை
* வறுமைக் கோடு