ஆடு தொடாத செடி!

ஆடு எதைத்தான் தின்னாது? ஆனால் வேலி ஓரத்தில் நிற்கும் ஒரு செடியை மட்டும் அது பெரும்பாலும் தொடுவதில்லை. அதுதான் ஆடாதொடை! இலை அத்தனை கசப்பு.

வளர்ப்பது எளிது

விதை தேட வேண்டாம். முற்றிய கிளையில் ஒரு சாண் நீளத்துக்குக் குச்சி வெட்டுங்கள். அதில் 4 கணுக்கள் இருக்கட்டும். 2 கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி மழைக்காலத்தில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விடவேண்டும். பிறகு வெயிலையும் தாங்கும். அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். பூத்து ஓய்ந்ததும் நுனியை வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் விட்டு அடர்த்தியாகும். வெள்ளைப் பூக்கள் வாசலுக்கு அழகு!

கவனம் தேவை

சளி, இருமலுக்கு இந்த இலையில் கஷாயம் வைப்பது பழைய கைவைத்தியம். இதில் உள்ள 'வாசிசின்' என்ற பொருளை ஆராய்ந்துதான் 'புரோம்ஹெக்சின்' என்ற இருமல் மருந்தை உருவாக்கினார்கள். ஆனால் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆகவே கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது!

இருமல் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தை நம்பி இருக்கவேண்டாம். அது காச நோயாகவும் இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். உடனே போய்விடுங்கள். செடி வாசலிலேயே நிற்கும், நோய் நிற்காது!