ஆங்கிலக் கூட்டு முன்னிடைச்சொற்களும் அன்றாடப் பயன்பாடும்

இரண்டு அல்லது மூன்று சொற்கள் சேர்ந்து ஒரே முன்னிடைச்சொல்லின் வேலையைச் செய்தால், அதைக் கூட்டு முன்னிடைச்சொல் என்பர். ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அட்', 'ஃப்ரம்' போன்றவை தனி முன்னிடைச்சொற்கள். 'பிகாஸ் ஆஃப்' (காரணமாக), 'இன்ஸ்டெட் ஆஃப்' (பதிலாக), 'இன் ஃப்ரண்ட் ஆஃப்' (முன்னால்), 'இன் ஸ்பைட் ஆஃப்' (பொருட்படுத்தாமல்) போன்றவை கூட்டு முன்னிடைச்சொற்கள். விடுப்புக் கடிதம், வங்கிப் படிவம், வேலைவாய்ப்பு ஒப்பந்தம், பொது அறிவிப்புப் பலகை ஆகிய எல்லாவற்றிலும் இவை இடம்பெறுகின்றன. தமிழ்வழியில் படித்த மாணவர்கள் இவற்றின் பொருளை எளிதில் அறிந்துகொள்கிறார்கள். ஆனால் இவற்றை அடுத்து எத்தகைய சொல் வரவேண்டும் என்பதில் தடுமாறுகிறார்கள். தமிழ் இலக்கண அறிவைக் கொண்டே இந்தத் தடுமாற்றத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம்.

பெயரும் வகையும்

இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ரென் – மார்ட்டின் இலக்கண நூலில் 'கூட்டு முன்னிடைச்சொல்' என்னும் பெயர் வேறு பொருளில் வருகிறது. 'அபவ்', 'பிஹைண்ட்', 'அக்ராஸ்' போல, ஒரு முன்னிடைச்சொல் இன்னொரு சொல்லோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டவற்றையே அந்நூல் அவ்வாறு அழைக்கிறது. 'இன் ஃப்ரண்ட் ஆஃப்' போன்றவற்றை அது 'தொடர் முன்னிடைச்சொற்கள்' என்று தனியாகப் பிரிக்கிறது. 1985இல் ராண்டால்ப் குவர்க்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணம், பல சொற்களால் ஆனவற்றைச் 'சிக்கலான முன்னிடைச்சொற்கள்' என்கிறது. நூலுக்கு நூல் பெயர் மாறினாலும் பயன்பாடு ஒன்றே. இக்கட்டுரையில் பல சொற்களால் ஆனவையே கூட்டு முன்னிடைச்சொற்கள் எனப்படுகின்றன.

அமைப்பை வைத்து இவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம்.

1. இருசொல் அமைப்பு: 'அவுட் ஆஃப்', 'பிகாஸ் ஆஃப்', 'அக்கார்டிங் டு', 'டியூ டு', 'நெக்ஸ்ட் டு', 'அலாங் வித்', 'அபார்ட் ஃப்ரம்'.

2. மூன்றுசொல் அமைப்பு: இதில் நடுவில் ஒரு பெயர்ச்சொல்லும் அதன் இருபுறமும் முன்னிடைச்சொற்களும் நிற்கும். 'இன் ஃப்ரண்ட் ஆஃப்', 'ஆன் பிஹாஃப் ஆஃப்', 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்', 'இன் அடிஷன் டு' ஆகியவை எடுத்துக்காட்டுகள். சிலவற்றில் 'தி' அல்லது 'எ' என்னும் சுட்டும் சேரும். 'ஃபார் தி சேக் ஆஃப்', 'வித் எ வியூ டு' என்பன அத்தகையவை.

நடுவில் நிற்கும் பெயர்ச்சொல் பல இடங்களில் தன் பழைய பொருளை இழந்துவிட்டது. 'இன்ஸ்டெட்' என்பதில் உள்ள 'ஸ்டெட்' என்பதற்கு இடம் என்று பொருள். ஒருவருடைய இடத்தில் நிற்பதுதான் பதிலாக நிற்பது. 'பிஹாஃப்' என்பதன் பழைய பொருள் பக்கம். தமிழில் 'சார்பாக' என்னும் சொல்லிலும் சார்ந்து நிற்கும் பக்கம் என்ற கருத்தே இருக்கிறது.

தமிழில் இதற்கு ஈடு

ஆங்கிலத்தில் உறவைக் காட்டும் சொல் பெயருக்கு முன்னால் வருகிறது. தமிழில் அது பெயருக்குப் பின்னால் வருகிறது. நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இதைத் திராவிட மொழிகளின் சிறப்பியல்புகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டார்.

தமிழில் இந்த வேலையைச் செய்பவை வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் ஆகும். ஐ, ஆல், கு, இன், அது, கண் ஆகியவை உருபுகள். கொண்டு, உடன், பொருட்டு, நிமித்தம், இருந்து போன்றவை சொல்லுருபுகள். 'வீட்டுக்கு முன்னால்' என்பதில் முதலில் 'கு' உருபும் அதன்பின் 'முன்னால்' என்ற சொல்லும் வருகின்றன. ஆங்கிலத்தில் இதே வரிசை கண்ணாடியில் தெரியும் உருவம்போலத் திரும்பி நிற்கிறது. 'இன் ஃப்ரண்ட்' என்பது 'முன்னால்'. 'ஆஃப்' என்பது 'கு' செய்யும் வேலையைச் செய்கிறது. வீடு கடைசியில் வருகிறது. எனவே 'இன் ஃப்ரண்ட் மை ஹவுஸ்' என்று எழுதுவது, தமிழில் 'வீடு முன்னால்' என்று உருபை விட்டுவிட்டு எழுதுவதற்குச் சமம்.

அடிப்படை விதி: அடுத்து வருவது பெயரே

கூட்டு முன்னிடைச்சொல்லை அடுத்துப் பெயர்ச்சொல், பிரதிப்பெயர், அல்லது 'இங்' என முடியும் தொழிற்பெயர் மட்டுமே வரும். எழுவாயும் வினைமுற்றும் கொண்ட முழு வாக்கியம் வராது. 'பிகாஸ் ஆஃப் ஹி வாஸ் இல்' என்பது மிகப் பரவலான பிழை. 'பிகாஸ் ஆஃப் ஹிஸ் இல்னஸ்' அல்லது 'பிகாஸ் ஹி வாஸ் இல்' என்பதே சரி. 'ஆஃப்' இருந்தால் பெயர். 'ஆஃப்' இல்லையென்றால் வாக்கியம்.

இந்த விதி தமிழருக்குப் புதிதன்று. தமிழிலும் வேற்றுமை உருபு வினைமுற்றோடு சேர்வதில்லை. 'மழை பெய்தது' என்பதோடு காரணத்தைச் சேர்க்க வேண்டுமானால் 'மழை பெய்ததால்' என்கிறோம். இங்கே 'பெய்தது' பெயராக மாறிய பிறகே 'ஆல்' உருபை ஏற்கிறது. 'அவன் வந்தான் பதிலாக' என்று யாரும் சொல்வதில்லை. 'அவன் வருவதற்குப் பதிலாக' என்றே சொல்கிறோம். 'வருவது' என்னும் தொழிற்பெயர் 'கு' உருபை ஏற்று 'வருவதற்கு' ஆனதுபோல, ஆங்கிலத்தில் 'கம்' என்னும் வினை 'கமிங்' ஆகி 'இன்ஸ்டெட் ஆஃப் கமிங்' என்று வருகிறது. 'இன்ஸ்டெட் ஆஃப் டு கம்' என்பது பிழை. தமிழில் 'வருவது, செய்வது, படிப்பது' என்று சொல்லிப் பார்க்கக்கூடிய இடத்தில் ஆங்கிலத்தில் 'இங்' வடிவம் வரும் என்று நினைவில் கொண்டால் போதும்.

பிரதிப்பெயர்களுக்கும் இந்த ஒப்புமை பொருந்தும். தமிழில் 'நான் பதிலாக' என்பதில்லை. 'நான்' என்பது 'என்' ஆகத் திரிந்து 'எனக்குப் பதிலாக' என வரும். ஆங்கிலத்திலும் 'ஐ' என்பது 'மீ' ஆகவும், 'ஹி' என்பது 'ஹிம்' ஆகவும் திரிந்து 'இன்ஸ்டெட் ஆஃப் மீ', 'பிகாஸ் ஆஃப் ஹிம்' என வரும்.

அன்றாடப் பயன்பாட்டில் சில

இடம்: மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், புளியங்குடிக்கும் தென்காசிக்கும் இடையே கடையநல்லூர் இருக்கிறது. அது தென்காசிக்கு வடக்கே உள்ளது என்பதை 'டு தி நார்த் ஆஃப் தென்காசி' என்றும், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது என்பதை 'அட் தி ஃபுட் ஆஃப் தி வெஸ்டர்ன் காட்ஸ்' என்றும் சொல்லலாம். கடைத்தெருவில் வழி சொல்லும்போது 'நெக்ஸ்ட் டு' என்பது ஒட்டி அடுத்திருப்பதையும், 'குளோஸ் டு' என்பது அருகில் இருப்பதையும் குறிக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வங்கிக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில் ஒரு கடை இருந்தால் அது 'ஆப்போசிட் தி பேங்க்'. வங்கி வாசலிலேயே ஒரு தள்ளுவண்டி நின்றால் அது 'இன் ஃப்ரண்ட் ஆஃப் தி பேங்க்'. 'பேங்குக்கு ஆப்போசிட்ல' என்ற பேச்சுத்தமிழின் 'கு' உருபைப் பின்பற்றிப் பலர் 'ஆப்போசிட் டு தி பேங்க்' என்று எழுதுகிறார்கள். இடத்தைக் குறிக்கும்போது 'டு' இல்லாமல் எழுதுவதே இன்றைய பொது வழக்கு.

காரணம்: 'பிகாஸ் ஆஃப்', 'டியூ டு', 'ஓயிங் டு', 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்' ஆகிய நான்கும் காரணத்தைக் குறிக்கும். பேச்சில் 'பிகாஸ் ஆஃப்' போதும். கடிதத்தில் மற்ற மூன்றும் வரும். 'டியூ டு' என்பதை 'தி டிலே வாஸ் டியூ டு ரெயின்' என்பதுபோல 'வாஸ்', 'ஈஸ்' ஆகியவற்றை அடுத்தே எழுத வேண்டும் என்று பழைய இலக்கண ஆசிரியர்கள் வற்புறுத்தினர். இப்போது வாக்கியத்தின் தொடக்கத்தில் எழுதுவதும் ஏற்கப்படுகிறது.

உடனிகழ்ச்சி: 'அலாங் வித்', 'டுகெதர் வித்' ஆகியவை எழுவாயின் எண்ணை மாற்றுவதில்லை. 'அண்ணன் தம்பிகளுடன் வருகிறான்' என்பதில் வினை ஒருமையில் இருக்கிறது. 'அண்ணனும் தம்பிகளும் வருகிறார்கள்' என்றால் பன்மை. ஆங்கிலத்திலும் 'அலாங் வித்' வந்தால் முதல் பெயரைப் பார்த்து 'ஈஸ்' போட வேண்டும். 'அண்ட்' வந்தால் 'ஆர்' போட வேண்டும்.

கருத்து: 'அக்கார்டிங் டு' என்பது பிறர் கூற்றுக்கும் நூல், நாளிதழ் போன்ற ஆதாரங்களுக்கும் உரியது. தன் கருத்தைச் சொல்ல 'அக்கார்டிங் டு மீ' என்பதைவிட 'இன் மை ஒப்பீனியன்' என்பதே பொருத்தம்.

கடிதங்களிலும் ஒப்பந்தங்களிலும்

கடையநல்லூர், தென்காசி வட்டாரங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். அவர்கள் கையொப்பமிடும் ஆங்கில ஒப்பந்தங்களில் உரிமையும் பொறுப்பும் பெரும்பாலும் கூட்டு முன்னிடைச்சொற்களில்தான் அடங்கியிருக்கும். பெயர்ச்சொற்களை மட்டும் படித்துவிட்டு இவற்றைத் தாண்டிச் சென்றால் பொருள் தலைகீழாகிவிடும்.

'இன் லியூ ஆஃப்': பதிலாக என்று பொருள். 'ஒரு மாதச் சம்பளம் இன் லியூ ஆஃப் நோட்டீஸ்' என்றால் முன்னறிவிப்பும் சம்பளமும் சேர்ந்து கிடைக்கும் என்று பொருளன்று. முன்னறிவிப்புக்குப் பதிலாகச் சம்பளம் என்றே பொருள்.

'இன் அடிஷன் டு': கூடுதலாக என்று பொருள். உணவுப்படி அடிப்படைச் சம்பளத்துக்கு 'இன் அடிஷன் டு' என்றிருந்தால் இரண்டும் உண்டு.

'சப்ஜெக்ட் டு': உட்பட்டு என்று பொருள். நியமனம் மருத்துவப் பரிசோதனைக்கு 'சப்ஜெக்ட் டு' என்றால், பரிசோதனையில் தேறினால்தான் வேலை உறுதியாகும்.

'அப் டு': வரை என்று பொருள். 'அப் டு' 1000 என்பது உச்ச வரம்பு. 1000 கிடைத்தே தீரும் என்ற உறுதி அதில் இல்லை.

'பிரையர் டு': முன்பாக என்று பொருள். விடுப்புக்கு 30 நாள் 'பிரையர் டு' விண்ணப்பம் தரவேண்டும் என்றால், விடுப்பு தொடங்குவதற்கு 30 நாள் முன்பே தரவேண்டும்.

'ஆன் பிஹாஃப் ஆஃப்': சார்பாக என்று பொருள். இன்னொருவர் சார்பாகக் கையெழுத்திடும்போது இது வரும். யார் சார்பாக என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

'இன் தி ஈவென்ட் ஆஃப்', 'இன் கேஸ் ஆஃப்': நேர்ந்தால் என்று பொருள். மின்தூக்கி அருகே காணப்படும் 'இன் கேஸ் ஆஃப் ஃபயர்' என்பது தீப்பிடித்தால் என்று பொருள்படும். 'ஆஃப்' இல்லாத 'இன் கேஸ்' வேறு: 'இன் கேஸ் இட் ரெயின்ஸ்' என்றால் ஒருவேளை மழை பெய்யக்கூடும் என்பதற்காக என்று பொருள். அதை அடுத்து முழு வாக்கியம் வரும்.

தேர்வில் வாக்கிய மாற்றம்

தனி வாக்கியத்தைக் கலவை வாக்கியமாகவோ தொடர் வாக்கியமாகவோ மாற்றும் பயிற்சியில் கூட்டு முன்னிடைச்சொற்களுக்கு முக்கிய இடம் உண்டு. ஒரே கருத்தை மூன்று வகையிலும் எழுதலாம்.

தனி வாக்கியம்: 'இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் ஃபீவர், ஹி வென்ட் டு ஸ்கூல்.' (காய்ச்சலையும் பொருட்படுத்தாமல் அவன் பள்ளிக்குச் சென்றான்.)

கலவை வாக்கியம்: 'தோ ஹி ஹேட் ஃபீவர், ஹி வென்ட் டு ஸ்கூல்.' (காய்ச்சல் இருந்தும் சென்றான்.)

தொடர் வாக்கியம்: 'ஹி ஹேட் ஃபீவர், பட் ஹி வென்ட் டு ஸ்கூல்.' (காய்ச்சல் இருந்தது, ஆனாலும் சென்றான்.)

இதே முறையில் 'பிகாஸ் ஆஃப்' – 'ஆஸ்' – 'ஸோ' என்ற வரிசை காரணத்துக்கும், 'இன் தி ஈவென்ட் ஆஃப்' – 'இஃப்' என்ற இணை நிபந்தனைக்கும் பயன்படும். தனி வாக்கியத்தில் வினைமுற்று ஒன்றே இருக்க முடியும். அதனால்தான் இன்னொரு வினையைப் பெயராக்கிக் கூட்டு முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் வைக்கிறார்கள். இந்தக் காரணத்தை அறிந்த மாணவர் வாய்பாட்டை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

தவிர்க்க வேண்டிய பிழைகள்

1. 'டெஸ்பைட் ஆஃப்' என்று எழுதக்கூடாது. 'டெஸ்பைட்' தனியாகவே நிற்கும். 'இன் ஸ்பைட்' என்பதற்கு மட்டுமே 'ஆஃப்' வேண்டும்.

2. 'இன் ஃப்ரண்ட்', 'இன் ஸ்பைட்' ஆகியவற்றைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதக்கூடாது. 'இன்ஸ்டெட்' மட்டுமே சேர்ந்து வரும்.

3. நடுவில் உள்ள பெயர்ச்சொல்லில் மாற்றம் செய்யக்கூடாது. 'வித் ரிகார்ட் டு' என்பதே சரி. 'வித் ரிகார்ட்ஸ் டு' என்பது பிழை. 'இன் ஃப்ரண்ட் ஆஃப் தி பஸ்' என்றால் பேருந்துக்கு முன்னால். 'இன் தி ஃப்ரண்ட் ஆஃப் தி பஸ்' என்றால் பேருந்துக்குள்ளேயே முன்பகுதியில். ஒரு 'தி' சேர்ந்ததும் பொருள் மாறிவிடுகிறது.

4. 'இன் வியூ ஆஃப்' என்பது 'கருத்தில் கொண்டு'. 'வித் எ வியூ டு' என்பது 'நோக்கத்துடன்'. பின்னதை அடுத்து 'இங்' வடிவம் வரும்: 'வித் எ வியூ டு லேர்னிங்'. இங்குள்ள 'டு' முன்னிடைச்சொல்லின் பகுதி என்பதால் 'வித் எ வியூ டு லேர்ன்' என்பது பிழை.

5. சிறிய சொல் போதுமான இடத்தில் நீண்ட தொடரைப் பயன்படுத்தக்கூடாது. நண்பருக்கு எழுதும்போது 'பிரையர் டு' என்பதைவிட 'பிஃபோர்' என்பதும், 'வித் ரெஃபரன்ஸ் டு' என்பதைவிட 'அபவுட்' என்பதும் இயல்பாக இருக்கும். அலுவலகக் கடிதத்தில் நீண்ட வடிவங்கள் பொருந்தும்.