உப்புக் காற்றில் ஒரு மாருதி

பாலாவிச் சந்தியில் கல்பிட்டி வீதிக்குத் திரும்பியதுமே காற்றில் உப்பு தெரியும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், இடையில் உப்பளங்கள். இந்த வீதியில் மாருதி 800, சுசுகி அல்டோ போன்ற சின்னக் கார்களுக்குக் குறைவில்லை. காலையில் நுரைச்சோலை மரக்கறி மூட்டையோடு சந்தைக்குப் போகும். தலவில திருவிழாவுக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வரும். நடுச்சாமத்தில் பிரசவ வலி என்றால் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் இவைதான்.

எல்லாம் வயதான வண்டிகள். இந்தியாவில் 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி கையளித்தார். 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1இல்தான் வழி திறந்தது. திறந்தாலும் வரிச்சுமை சாதாரணக் குடும்பத்தின் தலைக்கு மேலே. எனவே இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே நமக்குள்ள வழி. எதற்கு முதலில் காசு போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மேலே பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜினுக்குச் செலவழிக்கிறார்கள், அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

இன்ஜினைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர். இடம் விட்டு அமைந்த எளிய இன்ஜின், எந்த ஊர் கராஜிலும் கழற்றிப் பூட்டத் தெரியும். துரு அப்படியல்ல. மழைக்காலத்தில் குசினி உப்புப் போத்தல் கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்போடு கலந்து வரும் மக்னீசியம் குளோரைட்டுக்கோ 33 சதவீதமே போதும். அதாவது, கார் ஓடாமல் வாசலில் நிற்கும் இரவிலும் அதன் அடித்தகட்டில் ஒட்டிய உப்பு ஈரமாகவே இருக்கிறது, இரும்பைத் தின்றுகொண்டே இருக்கிறது. அந்த முதல் மாருதிகூட, உரிமையாளர் இறந்தபின் கடலே இல்லாத டெல்லியில் வீட்டு வாசலில் நின்றே துருப்பிடித்தது. பிறகுதான் நிறுவனம் எடுத்துச் சீர்செய்து காட்சிக்கு வைத்தது.

புத்தளம் நகருக்கு வெளியே ஒரு கராஜில் பார்த்த காட்சியைச் சொல்கிறேன். பளபளக்கும் சிவப்பு அல்டோ ஒன்று. வாங்கி அதிக நாள் ஆகவில்லை என்றார் இளைஞர். பாஸ் குனிந்து, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த சத்தம் பின் சில்லுக்குப் பக்கத்தில் பொத்தென்று அமுங்கியது. முனையால் அழுத்தினார். பெயின்ட்டும் பட்டியும் உடைந்து, துருத்தூள் அவர் கையில் கொட்டியது.

“நானா, இதுக்கு எவ்வளவு போகும்?”

“தம்பி, வெட்டிப் பாத்தாத்தான் சொல்லலாம். மேல பாத்து வாங்கிட்டீங்க, கீழ பாக்கல்லியே.”

டிங்கரிங் வேலையின் செலவே அதுதான். வெட்ட வெட்ட நீளும். தகடு மலிவு, நாட்கூலிதான் ஏறும். துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி வெல்டிங் வைத்து, கறுப்புப் பூச்சு அடித்துக் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. அந்த ஒட்டுக்குள் துரு இன்னும் வேகமாக வளரும். சொக் பிடிக்கும் மேடை, பின் சஸ்பென்ஷன் பூட்டும் இடம், பற்றரித் தட்டு, சாரதியின் கால் படும் தரை ஆகியவற்றில் உக்கல் கண்டால் அது உயிர் விஷயம். முறையாக வெட்டி எடுத்து மாற்ற வேண்டும்.

இதைப் பார்க்கச் சொல்லி அரசு நம்மை வற்புறுத்துவதும் இல்லை. வருமான உத்தரவுப் பத்திரத்துக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். பஸ், லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காரின் அடித்தகட்டை யாரும் பார்ப்பதில்லை. கரையோர மாவட்டங்களிலாவது அந்தப் பரிசோதனையோடு காரை ஒருமுறை தூக்கிப் பார்க்கும் ஏற்பாடு வந்தாக வேண்டும்.

இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். புத்தளத்தின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், அருவக்காட்டில் சீமெந்துக்கு வெட்டுகிறார்களே, அதே கல். அந்தக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் கேத்தலில் படிவது போல உள்ளேயும் படியும். களப்போரத்துச் சவர்த் தண்ணீர் அலுமினிய ஹெட்டை அரிக்கும். சூடு ஏறும், கேஸ்கட் போகும், ஹெட் வளையும். எண்ணெய் மூடியைத் திறந்தால் பால்தேநீர் நிறம் தெரியும். கூலன்ட்டும் ஹோஸும் தெர்மோஸ்டாட்டும் சின்னக் காசு. ஹெட் கழற்றி, கடைச்சலுக்கு அனுப்பி, திரும்பப் பூட்டுவது அதைப் பல மடங்கு தாண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியை வாங்கினால், முதலில் அதை மாற்றிவிடுங்கள். திருப்பத்தில் டக்டக் என்றால் முன் அச்சின் ஜொயின்ட், அதன் றப்பர் உறை கிழிந்த அன்றே கவனித்திருந்தால் உறையோடு போயிருக்கும்.

பாகங்களின் விலையேற்றத்துக்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், பெறுமதி சேர் வரி 8 சதவீதம். 10 டொலர் பாகம் ஒன்று 2,160 ரூபாய். இன்று டொலரை 300 என்றே வைத்தாலும், 2024 ஜனவரியில் வந்த 18 சதவீத வரியோடு 3,540. சுங்கமும் இலாபமும் தனி. இங்கே கிடைக்காததைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பேசிவைத்து, புத்தளம் பஸ்ஸில் பார்சலாக அனுப்பச் சொல்லி நடத்துனரிடம் வாங்குவது நம் வழக்கம். பழைய பாகத்தின் படத்தையும் அதில் பொறித்த இலக்கத்தையும் முதலில் அனுப்புங்கள். கார்புரேட்டர் வண்டிக்கும் இன்ஜெக்ஷன் வண்டிக்கும் பாகங்கள் வேறு, தவறி வந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு நாள் போகும்.

செலவில்லாத வேலையும் உண்டு. கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன வடிதுளைகள் இருக்கும். கல்பிட்டி மணல் அவற்றை அடைத்துவிடும், மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். சேர்விஸ் போடும்போது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். சவர்த் தண்ணீரால் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் வெள்ளம் புத்தளம் மாவட்டத்தையும் விடவில்லை. வெள்ளத்தில் நின்ற கார்கள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள், கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். தரைக் கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சேறு புகுந்த வயரிங் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு இடத்தில் காலை வாரும், அந்தச் செலவுக்கு எந்த பாஸாலும் முடிவு சொல்ல முடியாது.